புளியமரத்து லெமூர்கள்

மடகாஸ்கர் தீவின் தென்பகுதியில், மன்றாரே ஆற்றங்கரையில், பெரென்ட்டி என்றொரு சிறிய தனியார் காப்புக்காடு இருக்கிறது. அங்கே ஆற்றை ஒட்டி ஓங்கி நிற்பவை பெரும்பாலும் புளியமரங்கள். நம் நெடுஞ்சாலை ஓரங்களில் நிழல் தரும் அதே புளிதான். அந்த ஊர் மக்கள் அதைக் கீலி என்கிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே இரவில் நன்றாகக் குளிரும். விடிந்து வெயில் ஏறியதும், பூனை அளவுள்ள சாம்பல் நிற விலங்குகள் அந்த மரங்களிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்காரும். கால்களை அகட்டி, கைகளை முழங்கால்மேல் போட்டு, வயிற்றைச் சூரியனுக்கு நேராகக் காட்டிக்கொண்டு கண்களைப் பாதி மூடிக்கொள்ளும். சுற்றுலாப் பயணிகள் இதைத் தியானம் என்கிறார்கள். தியானமும் இல்லை, சூரிய வணக்கமும் இல்லை; குளிர்காய்கின்றன, அவ்வளவுதான். இரவெல்லாம் உடம்பிலிருந்து போன சூட்டைச் சாப்பாட்டைச் செலவழிக்காமல் திரும்பப் பெற இதைவிட மலிவான வழி கிடையாது.

இவை வளையவால் லெமூர்கள். கருப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வளையம் போட்ட நீண்ட வால் இவற்றின் அடையாளம். அந்த வால் உடம்பைவிட நீளம். உலகத்து உயிரியல் பூங்காக்களில் அதிகம் காணப்படும் லெமூர் இதுதான் என்பதால் லெமூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்த முகம். ஆனால் லெமூர் இனங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. காட்டு விலங்காக அவை இயற்கையில் வாழ்வது மடகாஸ்கரில் மட்டுமே. பக்கத்துக் கொமோரோ தீவுகளிலும் இரண்டு இனங்கள் உண்டு; அவற்றை மனிதர்கள் கொண்டுபோய் விட்டதாகவே கருதப்படுகிறது.

லெமூர்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அவற்றின் விசித்திரங்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். பெண்கள் ஆளும் கூட்டம், நாற்றத்தால் சண்டை, ஏழு மாத உறக்கம், நஞ்சு கலந்த உணவு என்று பட்டியல் நீளும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றில் பலவற்றின் பின்னாலும் ஒரே காரணம் நிற்கிறது என்று நினைக்கிறேன்: மடகாஸ்கரில் ஆண்டின் பாதி நாள் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். தீவின் தெற்கிலும் மேற்கிலும் ஏறத்தாழ நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் மழை. மற்ற மாதங்களில் மரங்கள் இலை உதிர்த்துவிடும், பழம் அரிதாகிவிடும். கிழக்கே மழைக்காடு இருக்கிறது. அங்கும் பழம் காய்ப்பது ஒழுங்கில்லாத சங்கதி, போதாக்குறைக்குப் புயல் வேறு. இந்தத் தட்டுப்பாட்டை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் லெமூர்களின் பாதி வாழ்க்கை புரிந்துவிடும்.

குரங்கா, இல்லையா?

முதலில் இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடலாம். லெமூர் குரங்கு அல்ல, ஆனால் உறவு. மனிதன், வாலில்லாக் குரங்கு, குரங்கு, லெமூர் எல்லாமே பிரைமேட் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசை வெகுகாலத்துக்கு முன்பே இரண்டு கிளைகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிளையில் நாமும் குரங்குகளும். இன்னொரு கிளையில் மடகாஸ்கரின் லெமூர்கள், ஆப்பிரிக்காவின் கலாகோக்கள், ஆசியாவின் தேவாங்குகள். ஆகவே நமக்கு மிக அருகில் வாழும் லெமூர் உறவினர், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் காடுகளில் இரவில் மெதுவாக நடமாடும் தேவாங்குதான். அதற்காகவே தமிழ்நாடு அரசு 2022-இல் கடவூரில் ஒரு சரணாலயத்தை அறிவித்தது.

தேவாங்குக்கும் லெமூருக்கும் பொதுவான சில அடையாளங்களை உடம்பிலேயே பார்க்கலாம். நாய்க்கு இருப்பதுபோல மூக்கின் நுனி ஈரமாக இருக்கும். இரண்டுமே மோப்பத்தை நம்பி வாழ்பவை. கீழ்த்தாடையின் முன்பற்கள் நெருக்கமாக, முன்னோக்கிச் சாய்ந்து, சீப்பாகவே அமைந்திருக்கும். மயிரைக் கோதிவிட அந்தப் பற்களைத்தான் பயன்படுத்துகின்றன. சீப்பில் சிக்கும் மயிரை எடுக்க நாக்குக்கு அடியில் தனியாக ஒரு தடித்த மடிப்பு உண்டு. காலின் இரண்டாம் விரலில் தட்டை நகத்துக்குப் பதில் கூரிய நகம் ஒன்று, காதோரம் சொறிந்துகொள்ள. பெரும்பாலானவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது; இரவில் டார்ச் அடித்தால் கண் பளபளக்கும்.

லெமூரைப் "பரிணாமத்தில் பின்தங்கிவிட்ட குரங்கு" என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு இது கொஞ்சமும் பிடிப்பதில்லை. குரங்குகள் எவ்வளவு காலமாக மாறிக்கொண்டிருக்கின்றனவோ, லெமூர்களும் அவ்வளவு காலமாக மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாறிய திசை மட்டும் வேறு.

கடல் தாண்டி வந்தவை

மடகாஸ்கரில் குரங்கே இல்லை. பிறகு லெமூர் மட்டும் எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி பலரைக் குடைந்தது. 1864-இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் லெமூரும் இந்தியாவில் அதன் உறவினங்களும் இருப்பதைக் கண்டு, இரண்டுக்கும் இடையே ஒரு நிலப்பரப்பு இருந்து கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பின்னாளில் அது இங்கே குமரிக்கண்டத்தோடு கைகோத்துக்கொண்டது. ஸ்க்ளேட்டருக்கு வேண்டியிருந்தது விலங்குகள் நடந்துபோக ஒரு வழி, அவ்வளவே. கண்டங்களே நகர்கின்றன என்பது உறுதியானபோது, மூழ்கிய கண்டத்துக்கு அறிவியலில் வேலை இல்லாமல் போய்விட்டது.

மடகாஸ்கரும் இந்தியாவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனால் மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்து ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தியா அதை விட்டுப் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. லெமூர்களின் முன்னோர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததோ 5, 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணிக்கிறார்கள். அதாவது, அவை போனபோது தீவைச் சுற்றிக் கடல்தான். ஆப்பிரிக்க ஆறுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்த மரம், செடி, வேர்களின் பெரும் திரளில் தொற்றிக்கொண்டு மொசாம்பிக் கால்வாயைக் கடந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 400 கிலோமீட்டர் கடலை இப்படிக் கடக்க முடியுமா என்று சந்தேகம் வருவது இயல்பு. இன்றைய நீரோட்டம் வேறு ஆப்பிரிக்காவை நோக்கித்தான் ஓடுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் தீவு இன்னும் தெற்கே இருந்தது, நீரோட்டம் சில சமயங்களில் கிழக்கு நோக்கி ஓடியிருக்கலாம் என்று 2010-இல் வெளியான ஒரு கணினி மாதிரி காட்டியது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒருமுறை நடந்தாலும் போதும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் போட்டிக்குக் குரங்கு இல்லை, அணில் இல்லை, மரங்கொத்தி இல்லை. காலியாகக் கிடந்த வேலைகளை எல்லாம் லெமூர்களே பங்கு போட்டுக்கொண்டன.

பெண்களின் ஆட்சி

இப்போது பெரென்ட்டியின் புளியமரங்களுக்குத் திரும்பலாம். அலிசன் ஜாலி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களின் தொடக்கத்தில் இங்கே வந்து வளையவால் லெமூர்களைக் கவனிக்க ஆரம்பித்தார். அவர் கண்டது அந்தக் காலத்து விலங்கியலுக்குப் புதுசு. கூட்டத்தில் எந்தப் பெண்ணும் எந்த ஆணையும் விரட்டலாம். ஓர் ஆண், பழுத்த புளியம்பழத்தைத் தேடிப் பறித்து ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கும். பெண் ஒன்று வந்து அதன் காதோரம் ஓர் அறை விடும். ஆண் கீச்சிட்டபடி பின்வாங்கும், பழம் கைமாறிவிடும். எதிர்த்துச் சண்டை போடுவது அரிது.

கூட்டத்தில் பத்துப் பதினைந்து லெமூர்கள் இருக்கும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுவார்கள். ஆகவே தாய், மகள், சகோதரி, சித்தி, பெரியம்மா என்று உறவுக்காரர்கள்தான் கூட்டத்தின் நடுப்பகுதி. ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விட வேண்டும், போன இடத்திலும் ஓரமாகத்தான் இடம். பக்கத்துக் கூட்டம் எல்லைக்குள் நுழைந்தால் முன்னால் பாய்ந்து விரட்டுபவையும் பெண்கள்தான், அதுவும் முதுகில் குட்டியைச் சுமந்தபடி.

ஏன் இப்படி? இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. நாட்காட்டியைப் பார்த்தால் ஒரு விளக்கம் பொருத்தமாகத் தெரியும். இணை சேர்வது ஏப்ரல், மே மாதங்களில். சுமார் நாலரை மாதம் கர்ப்பம். குட்டி பிறப்பது பெரும்பாலும் செப்டம்பரில், வறட்சி இன்னும் முடியாதபோது. மழை வந்து தளிரும் பழமும் நிறையும்போதுதான் குட்டி பால்குடி மறக்கத் தொடங்கும். குட்டியின் கணக்குக்கு இது கச்சிதம். ஆனால் தாயின் பாடு? காட்டில் ஒன்றுமே இல்லாத மாதங்களில் வயிற்றில் குட்டி; பிறகு மார்பில் குட்டி. அந்த நாட்களில் கிடைக்கும் ஒரு புளியம்பழத்துக்கு ஆணோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் அவளுக்குக் கட்டுப்படியாகாது. முதல் பிடி பெண்ணுக்கு என்ற ஏற்பாட்டில்தான் குட்டிகள் தப்பிக்கின்றன. அப்படியும் முதல் ஆண்டைத் தாண்டாத குட்டிகள் ஏராளம். கடும் வறட்சி வந்தால் பெரும்பாலானவை போய்விடும்.

இந்த நாட்காட்டி ஆண்களுக்கும் நெருக்கடிதான். ஒரு பெண் இணைசேரத் தயாராக இருப்பது ஆண்டில் சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள். ஆகவே அந்தச் சில வாரங்களில் ஆண்களுக்குள் போட்டி உச்சத்துக்குப் போய்விடும். அப்போதுதான் நாற்றச் சண்டை. ஆணின் மணிக்கட்டில் ஒரு சுரப்பி, தோள்பட்டை அருகே இன்னொன்று. வாலை முன்னால் இழுத்து இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே வைத்துத் திரும்பத் திரும்பத் தேய்க்கும். நன்றாகத் தோய்ந்ததும் நாலு காலில் நின்று, வாலை முதுகுக்குமேல் வளைத்து, எதிரியின் முகத்துக்கு நேராக ஆட்டும். எதிரியும் அதையே செய்யும். யார் முதலில் பின்வாங்குகிறாரோ அவருக்குத் தோல்வி. பெரும்பாலும் கடிபடாமலேயே முடிந்துவிடும் என்பதால், இது சிக்கனமான சண்டை என்றுகூடச் சொல்லலாம். இதே மணிக்கட்டுச் சுரப்பி, இனப்பெருக்கக் காலத்தில் பழவாசனை கொண்ட சில சேர்மங்களை அதிகமாகச் சுரக்கிறது என்றும், பெண்கள் அதை நின்று முகர்கின்றன என்றும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள்.

புளியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வறட்சி மாதங்களில் வேறு பழம் இல்லாதபோது புளிதான் கைகொடுக்கிறது; பழம், தளிர், பூ எல்லாமே உணவு. ஆனால் புளியின் ஓடு கடினம், லெமூரின் பல்லின் மேற்பூச்சோ மெல்லியது. தென்மேற்கே பேஸா மஹஃபாலி காப்பகத்தில் லெமூர்களைப் பிடித்து அவற்றின் பற்களைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், ஓட்டை உடைத்து உடைத்துக் கடைவாய்ப் பற்கள் ஈறு வரை தேய்ந்துபோனதைக் கண்டார்கள். பாதிப் பற்களுக்குமேல் இழந்தவையும் இருந்தன. அவை பட்டினியால் செத்துவிடவில்லை. மற்றவை கடித்துப் போட்ட பழத்தின் மிச்சத்தை எடுத்து நக்கியும் உறிஞ்சியும் காலம் தள்ளின.

தட்டுப்பாட்டுக்கு வேறு வழிகள்

மேற்குப் பகுதிக் காடுகளில் வாழும் தடிவால் குள்ள லெமூர் வேறொரு முடிவு எடுத்தது: சாப்பாடு இல்லாத மாதங்களில் எழுந்திருக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் பழத்தைத் தின்று கொழுப்பை வாலில் சேர்த்துவைக்கும். வால் உருண்டு திரண்டுவிடும். பிறகு மரப்பொந்துக்குள் புகுந்து ஏழு மாதம் வரை உறங்கும். வெப்பமண்டலத்தில் ஒரு பிரைமேட் இப்படி மாதக்கணக்கில் உறங்குவதை 2004-இல் வெளியான ஆய்வுதான் உறுதிப்படுத்தியது. உறங்கும்போது அது தன் உடல் சூட்டைக் காப்பாற்றுவதும் இல்லை. பொந்து சுட்டால் உடம்பும் சுடும், பொந்து குளிர்ந்தால் உடம்பும் குளிரும். சுவர் மெல்லிய பொந்துகளில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 20 டிகிரி வரை ஏறி இறங்கியதை அளந்திருக்கிறார்கள்.

அதே மேற்குக் காட்டில், மெனாபே பகுதியில், உலகின் மிகச் சிறிய பிரைமேட் இருக்கிறது: மேடம் பெர்த் சுண்டெலி லெமூர். எடை சுமார் 30 கிராம், சின்ன எலுமிச்சம்பழம் போலக் கைக்குள் அடங்கிவிடும்.

கிழக்கு மழைக்காட்டில் பொன்னிற மூங்கில் லெமூர். பழத்துக்கு அலைவதை விட்டுவிட்டு, பிறர் தொடாத உணவுக்குப் போய்விட்டது இது. ராட்சத மூங்கிலின் இளங்குருத்தில் சயனைடு நஞ்சு உண்டு. இந்த லெமூர் ஒரு நாளில் தின்னும் குருத்தில் உள்ள சயனைடு, அதன் அளவுள்ள வேறொரு விலங்கைக் கொல்லத் தேவையானதைப் போலப் பல மடங்கு. அதை எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. 1986-இல்தான் இந்த இனம் அறிவியலின் கண்ணில் பட்டது. அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக 1991-இல் ரானோமஃபானா தேசியப் பூங்கா உருவானது.

அய்-அய் என்ற லெமூர் மரங்கொத்தியின் வேலையைச் செய்கிறது. கம்பி போன்ற நடுவிரலால் மரப்பட்டையை வேகமாகத் தட்டி, பெரிய காதைச் சாய்த்துக் கேட்கும். உள்ளே புழு குடைந்த வெற்றிடம் இருக்கிறதென்று தெரிந்தால், எலிக்கு இருப்பதுபோல ஓயாமல் வளரும் முன்பற்களால் துளைபோட்டு, அதே விரலை உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி எடுக்கும். அதன் தோற்றம் அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பல கிராமங்களில் அதை அபசகுனமாக நினைத்துக் கண்ட இடத்தில் கொன்றுவிடுகிறார்கள்.

ஊர் நம்பிக்கை எப்போதும் விலங்குக்கு எதிராகத்தான் இருக்கும் என்பதில்லை. மடகாஸ்கரில் ஃபாடி என்ற விலக்குமுறை உண்டு. இதைச் செய்யக்கூடாது, அதைத் தின்னக்கூடாது என்று ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உயிரோடு இருக்கும் லெமூர்களில் மிகப் பெரியதான இந்திரியைக் கொல்வது பல இடங்களில் ஃபாடி. மக்கள் அதை பாபாகோட்டோ என்று அழைத்து, மனிதனோடு உறவு கொண்டாடும் கதைகளைச் சொல்கிறார்கள். அன்டாசிபே காட்டில் காலை வேளையில் இந்திரிக் குடும்பம் சேர்ந்து எழுப்பும் நீண்ட ஊளை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அதை ஊளை என்பதைவிடப் பாட்டு என்பதே பொருத்தம். மனித இசையில் உள்ள தாள விகிதங்கள் அதில் இருப்பதாக 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. உயிரியல் பூங்காவில் இந்திரியை வளர்க்க எடுத்த முயற்சிகள் தோற்றுப்போயின. அதைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

காட்டுக்கு லெமூர்

லெமூர் காட்டைத் தின்று வாழ்கிறது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. நம் ஊர்ப் பூங்காக்களிலும் ஹோட்டல் முற்றங்களிலும் அழகுக்கு வைக்கும் விசிறி வாழை மடகாஸ்கரின் சொந்த மரம். அங்கே அதன் பூவைக் கறுப்பு வெள்ளை ரஃப்டு லெமூர் கையால் பிரித்து, மூக்கை உள்ளே விட்டுத் தேனைக் குடிக்கும். மூக்கெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குத் தாவும். இந்த அளவுக்குப் பெரிய விலங்கு மகரந்தச் சேர்க்கை செய்வது வேறெங்கும் அரிது. பெரிய விதையுள்ள பல மரங்களின் பழத்தை முழுதாக விழுங்கித் தொலைவில் கொண்டுபோய்ப் போடுபவையும் லெமூர்களே. ஒருகாலத்தில் இந்த வேலைக்கு இன்னும் பெரியவை இருந்தன. ஆர்க்கியோஇந்திரிஸ் என்ற இனம் கொரில்லா அளவு இருந்தது. மனிதர்கள் தீவில் குடியேறிய பிறகு குறைந்தது 17 லெமூர் இனங்கள் அற்றுப்போயின. போனவை எல்லாம் இன்று இருப்பவற்றைவிடப் பெரியவை.

மீதி இருப்பவற்றின் நிலையும் மோசம். 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 107 இனங்களில் 103 அழிவின் அச்சுறுத்தலில் இருக்கின்றன. அவற்றில் 33 இனங்கள் அழிவின் விளிம்பில். காட்டை எரித்து நெல்லும் மக்காச்சோளமும் பயிரிடுவது, சமையலுக்குக் கரிமூட்டம் போடுவது, இறைச்சிக்கு வேட்டையாடுவது ஆகியவை முக்கியக் காரணங்கள். தெற்கில் கரிக்காகப் புளியமரங்களும் வெட்டப்படுகின்றன. எரிப்பவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. உலகின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்றில், அடுத்த வேளைக்கு வேறு வழியில்லாதவர்கள் அவர்கள். அம்பலாவாவ் அருகே ஆன்யா என்ற இடத்தில் கிராம மக்களே ஒரு சிறு காட்டைக் காத்து, வளையவால் லெமூர்களைப் பார்க்க வரும் பயணிகளிடம் கட்டணம் வாங்கி ஊருக்குச் செலவிடுகிறார்கள். வயிற்றுப்பாட்டையும் சேர்த்து யோசித்த இடங்களில்தான் இப்படி ஏதாவது நடக்கிறது.

கடைசியாக, செல்லப்பிராணி வியாபாரம். இதில் தீவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. 2016-இல் ஒரு வளையவால் லெமூர் இரண்டு சிறுவர்களிடம் முதுகைச் சொறியச் சொல்லிக் கேட்பது போன்ற ஒரு வீடியோ உலகமெங்கும் பரவியது. எனக்கும் ஒரு லெமூர் வேண்டும் என்று சமூக ஊடகத்தில் எழுதுவோர் எண்ணிக்கை அந்த நாட்களில் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கூட்டத்தோடு வாழ்ந்து, வாசனையால் பேசிப் பழகிய விலங்கைத் தனியாகக் கட்டிப்போட்டால் அது வளர்ந்ததும் கடிக்கும், பிறகு கூண்டுதான். 2024 மே மாதம் தாய்லாந்தின் சும்போன் மாகாணத்தில் போலீசார் ஒரு கடத்தல் கும்பலிடமிருந்து 48 லெமூர்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளையும் கைப்பற்றினார்கள். பிழைத்தவற்றை அதே ஆண்டின் இறுதியில் விமானத்தில் மடகாஸ்கருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.